மறைக்க எதுவும் இல்லாதவர்களுக்கும்: கொழும்பில் இணையத் தனியுரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு மறைக்க எதுவும் இல்லை. பிறகு ஏன் நான் தனியுரிமை பற்றிக் கவலைப்பட வேண்டும்?

கொழும்பில் தமிழ் பேசும் ஒரு வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. 1983 ஜூலையில் வீடு வீடாக வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அது யாரும் களவாகத் தயாரித்த பட்டியலல்ல. வாக்குரிமைக்காக, வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்து, உண்மையான பெயரும் முகவரியும் கேட்டு, அரசாங்கமே முறைப்படி எழுதியது. பெயர் கொடுத்தவர்களிடம் மறைக்க எதுவும் இருக்கவில்லை. நேர்மையாகக் கொடுத்தார்கள். தெருவில் எது தமிழர் வீடு என்று காட்டிக்கொடுத்தது அந்த நேர்மையான பட்டியல்தான்.

போர்க்காலத்தில் பொலிஸ் நிலையத்தில் வீட்டு அங்கத்தவர்களைப் பதிந்த நினைவும் பலருக்கு இருக்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள்; மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்த இடைக்கால உத்தரவு போட்டது. அவர்களும் குற்றம் செய்தவர்கள் அல்லர். வேலைக்கும் வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவலுக்கும் வந்து தங்கியிருந்தவர்கள்.

ஆகவே உங்களிடம் மறைக்க எதுவும் உண்டா என்பதை விட்டுவிடுங்கள். ஒரு விவரத்தைக் கொடுக்கும்போது, இந்தப் பட்டியல் நாளை வேறொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு கேள்விதான்.

எங்கள் விவரமெல்லாம் ஏற்கனவே வெளியே போய்விட்டது. இனிப் பூட்டி என்ன பயன்?

போனதில் பெரும்பகுதி பழசாகும். வாடகை வீடு மாறினால் முகவரி மாறும், வேலை மாறும், கடவுச்சொல்லை இன்றே மாற்றலாம். எது கசிந்தது என்று பார்க்க, 2013இலிருந்து இயங்கும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற இலவசத் தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுப் பாருங்கள். எந்தெந்தத் தளத்தின் கசிவில் அது அகப்பட்டது என்று ஆண்டோடு காட்டும். அந்தத் தளங்களில் இருந்த கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் பாவித்தீர்களோ, அங்கெல்லாம் மாற்றுங்கள். ஒரே கடவுச்சொல் பல இடத்தில் இருப்பதுதான் உண்மையான நட்டத்தைக் கொண்டுவருவது.

மாறாத விவரங்கள் சில உண்டு: பிறந்த திகதி, கைரேகை, அடையாள அட்டை இலக்கம். சிரத்தை முழுவதையும் இவற்றில் வையுங்கள்.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம்தானே? அதில் என்ன தெரிந்துவிடும்?

நிறையத் தெரியும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாகிறது, மற்றபடி அதே முறைதான்.

இலக்கம் 87583 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 1987. 583 என்பது 500ஐ விடக் கூட, ஆகவே பெண். 500ஐக் கழித்தால் 83. ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு எப்போதும் 29 (இந்தக் கணக்கில் எல்லா ஆண்டும் 366 நாள்), மொத்தம் 60. மீதி 23. பிறந்த நாள் மார்ச் 23. ஒரு நிமிடம்கூட ஆகாது, கல்குலேட்டரும் தேவையில்லை.

தொலைபேசியில் உங்கள் ஆளை உறுதிசெய்யப் பல இடங்களில் கேட்பது என்ன? முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி. இலக்கம் தெரிந்தவருக்கு மூன்றாவது கேள்விக்கும் விடை கையில் இருக்கிறது. சீட்டிழுப்புக் கூப்பனிலும், கடை லொயல்டி அட்டைப் படிவத்திலும், கட்டடத்து வாசலில் இருக்கும் வருகைப் புத்தகத்திலும் அதை எழுதச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். வருகைப் புத்தகத்துக்குப் பெயரும் வரும் நேரமும் போதும் என்று மரியாதையாகச் சொன்னால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

கொமியூனிக்கேஷன் கடையில் அட்டையைப் பிரதி எடுக்க வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

கொழும்பில் தனிப்பட்ட ஆவணங்கள் ஆகக் கூடுதலாகச் சிதறும் இடம் இதுவாகத்தான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. இதற்கு ஹேக்கர் யாரும் தேவையில்லை. கடையின் கணினியில் வட்ஸ்அப் வெப் காலை முதல் இரவு வரை திறந்தே கிடக்கும். ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையைத் திறந்தால் பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு, அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் என்று முகம் முகமாக வரிசையில் நிற்கும். கடைக்காரர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அந்தக் கணினி பழுதாகித் திருத்தப் போனாலே போதும்.

முடிந்தால் அட்டையைக் கையில் கொண்டுபோய், கண்ணாடியில் வைத்து நேரடியாகப் போட்டோகொப்பி எடுங்கள். எடுத்ததும் அட்டையைக் கண்ணாடியிலிருந்து எடுக்க மறக்க வேண்டாம், அடுத்த ஆள் மூடியைத் திறக்கும்வரை அங்கேயே கிடக்கும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், பிரிண்ட் வந்ததும் முதலில் கணினியில் இறங்கிய கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டிலீட் தட்டினால் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரே அழியும். அதன் பிறகு உங்கள் போனில் ‘டிலீட் ஃபோர் எவ்ரிவன்’ கொடுங்கள். அதற்கு இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசம் உண்டு. பலர் இதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாகிறார்கள்; உரையாடலில் இருப்பதுதான் அழியும், ஏற்கனவே இறங்கிய பிரதி அப்படியே கிடக்கும்.

கோணலாக வந்த பிரதிகளையும் கேட்டு வாங்குங்கள். கழிவுக் கடதாசி கட்டாக விலைப்படும். கச்சான் சுருளாக யார் கையிலும் வந்து சேரலாம்.

நல்ல பிரதியைக் கொடுக்கும் முன்னர், நீலப் பேனையால் குறுக்காக எழுதுங்கள்: எந்தத் தேவைக்கு, யாருக்கு, என்ன திகதி. எழுத்து படத்தின் ஓரத்தையும் இலக்கத்தின் ஓரத்தையும் தொட வேண்டும், ஆனால் வாசிக்க முடியாமல் மூடக்கூடாது. வெள்ளை இடத்தில் மட்டும் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி பிரதி எடுத்துவிடுவார்கள். ஸ்கேன் அனுப்புவதானாலும், எழுதிய பிரதியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

வட்ஸ்அப் குறியாக்கம் செய்யப்பட்டது என்கிறார்களே, பிறகு என்ன பயம்?

உண்மைதான். 2016 ஏப்ரலிலிருந்து செய்தியும் அழைப்பும் இரு முனைக்கும் இடையில் குறியாக்கத்தோடு போகின்றன. நடுவில் நிற்கும் தொலைபேசிக் கம்பனியும் வாசிக்க முடியாது, வட்ஸ்அப்பும் வாசிக்க முடியாது. ஆனால் நீங்கள் யாரோடு, எப்போது, எத்தனை தரம் பேசினீர்கள், எந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் உறை மாதிரி. உள்ளே இருக்கும் கடிதம்தான் மூடியிருக்கிறது.

பலர் தவறவிடும் ஓட்டை பேக்கப். கூகுள் ட்ரைவுக்கோ ஐகிளவுட்டுக்கோ போகும் பிரதி, நீங்களாகவே இயக்காவிட்டால் அதே பூட்டோடு போகாது. 2021 ஒக்டோபரிலிருந்து இதற்கு வசதி உண்டு: செட்டிங்ஸ், சட்ஸ், சட் பேக்கப், என்ட் டு என்ட் என்கிரிப்டட் பேக்கப். கடவுச்சொல் ஒன்று வைக்கலாம், அல்லது 64 இலக்கத் திறவுகோல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். அதைத் தொலைத்தால் வட்ஸ்அப்பாலேயே மீட்டுத்தர முடியாது. இன்னொன்று: உங்கள் பக்கம் பூட்டியிருந்து, மறுபக்கத்தில் இருப்பவரின் பேக்கப் திறந்திருந்தால், உங்கள் உரையாடல் அங்கே திறந்தே கிடக்கிறது.

அப்படியென்றால் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாறவேண்டுமா? டெலிகிராம் இன்னும் பாதுகாப்பு என்கிறார்களே?

டெலிகிராம் பற்றி இங்கே பரவலாக இருக்கும் எண்ணம் பிழை. அதன் சாதாரண உரையாடல்கள் இரு முனைக் குறியாக்கம் இல்லாதவை. குழுக்களுக்கு அது கிடையவே கிடையாது. ‘சீக்ரெட் சட்’ என்று தனியாகத் தொடங்கினால் மட்டும்தான், அதுவும் இருவருக்குள் மட்டும்தான். 2024 ஓகஸ்டில் அதன் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதானார். அதற்கு அடுத்த மாதம், சட்டபூர்வமான கோரிக்கை வந்தால் பாவனையாளரின் தொலைபேசி இலக்கத்தையும், இணைய இணைப்பைக் காட்டும் ஐபி முகவரியையும் கொடுப்போம் என்று கம்பனி தன் விதியை மாற்றியது. நல்ல வாசிப்புக் குழுக்களும் செய்திச் சனல்களும் அங்கே இருக்கின்றன, அவற்றுக்குப் பாவியுங்கள். அந்தரங்கப் பேச்சுக்கு வேண்டாம்.

சிக்னல் சேர்த்துவைப்பதே மிகக் குறைவு. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று வந்தபோது அதனால் கொடுக்க முடிந்தது இரண்டு விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். இல்லாத பட்டியலை யாராலும் கேட்டு வாங்க முடியாது. சிக்னலை நாங்கள் விரும்புவதற்கு இதுவே காரணம். பதிவு செய்யத் தொலைபேசி இலக்கம் வேண்டும். ஆனால் 2024 முதல் யூசர்நேம் வைத்து, இலக்கத்தை மற்றவருக்குக் காட்டாமல் பேசலாம்.

குடும்பம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வெளிக்கிட்டால் தோற்றுப்போவீர்கள். கனடாவில் இருக்கும் சித்தி ஒருவர் மாறாவிட்டாலே எல்லோரும் பழைய குழுவுக்குத் திரும்பிவிடுவார்கள். வைத்திய அறிக்கை, காணி உறுதி, வங்கி விவரம் இவற்றை அனுப்பிக்கொள்ளும் இரண்டு மூன்று பேரோடு மட்டும் சிக்னலில் தொடங்குங்கள். பூ வைத்த காலை வணக்கம் வட்ஸ்அப்பிலேயே வரட்டும்.

ஆறு இலக்கக் குறியீடு வந்தது, தெரிந்தவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். இப்போது வட்ஸ்அப் திறக்கவில்லை. என்ன செய்வது?

கேட்டது தெரிந்தவர் அல்ல, அவருடைய கணக்கை முதலில் பிடித்தவர். இந்த நேரத்தில் செய்யவேண்டியது, அதே இலக்கத்தைப் போட்டு வட்ஸ்அப்பில் மறுபடி பதிவது. எஸ்எம்எஸ்ஸில் வரும் புதிய குறியீட்டைப் போட்ட கணமே மற்ற ஆள் வெளியே தள்ளப்படுவார். அதற்குப் பிறகு பின் இலக்கம் ஒன்று கேட்டு, அதை நீங்கள் வைக்கவில்லை என்றால், அவர் வைத்திருக்கிறார். ஏழு நாள் காத்திருக்கவேண்டும். அந்த ஏழு நாளும் அவராலும் உள்ளே இருக்க முடியாது. குறியீட்டைத் திரும்பத் திரும்பப் பிழையாகப் போட்டால் காத்திருக்கும் நேரம் மணிக்கணக்கில் நீளும், ஆகவே நிதானமாகப் போடுங்கள்.

காத்திருக்கும்போது சாதாரண அழைப்பில் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள்: என் பெயரில் காசு கேட்டு வந்தால் அனுப்பவேண்டாம். உள்ளே போனதும் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பார்த்துத் தெரியாத கருவிகளை நீக்குங்கள். அதன் பிறகு செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் சென்று ஆறு இலக்கப் பின் ஒன்றை வையுங்கள். பிறந்த திகதி வேண்டாம், காரணம் மேலே சொன்னோம்.

இதன் இன்னொரு வடிவத்தில் குறியீடு கேட்கவே மாட்டார்கள். கூரியர் கம்பனி என்று சொல்லி *21* என்று தொடங்கும் எண்ணொன்றை டயல் செய்யச் சொல்வார்கள். டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குத் திரும்பும். வட்ஸ்அப் குறியீட்டைக் குரல் அழைப்பாக அவர்களே வாங்கிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் *#21# தட்டிப் பாருங்கள். ##002# தட்டினால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். தவறிய அழைப்பு அறிவித்தல் சேவை இருந்தால் அதுவும் நின்றுபோகலாம், மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

விபிஎன் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாதா?

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொருவரின் கணினி வழியே அனுப்பும் சேவை. இந்த நாட்டில் அது பலருக்கு அறிமுகமானது தடையினால்தான். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3 என்று பல தரம் சமூக ஊடகங்கள் மூடப்பட்டபோது, தடையைத் தாண்டும் பாலமாக அது வேலை செய்தது. அந்த வேலைக்கு அது நல்ல கருவி. தனியுரிமைக்கு அது செய்வது குறைவு.

விபிஎன் இல்லாமல், பூட்டுக் குறியுள்ள தளத்துக்குப் போனால், உங்கள் இணையக் கம்பனிக்குத் தளத்தின் பெயர் தெரியும். எந்தப் பக்கத்தை வாசித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. விபிஎன் போட்டால் தளத்தின் பெயரும் கம்பனிக்குத் தெரியாது. ஆனால் அது இப்போது விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். பட்டியல் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். பேஸ்புக்கில் உங்கள் பெயரோடு உள்ளே போனால், எத்தனை விபிஎன் போட்டாலும் பேஸ்புக்குக்கு நீங்கள் நீங்கள்தான்.

இலவச விபிஎன் என்றால் இன்னும் கவனம். ஹோலா என்ற இலவசச் சேவை தன் பாவனையாளரின் இணைப்பையே வேறு வாடிக்கையாளருக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. ஒனாவோ என்ற செயலியை 2013இல் வாங்கிய பேஸ்புக், பாதுகாப்பு விபிஎன் என்று அதைக் கொடுத்து, மக்கள் வேறு எந்தச் செயலிகளைப் பாவிக்கிறார்கள் என்று அதன் வழியே பார்த்தது. 2019இல் அதை மூடிவிட்டார்கள்.

இங்கே அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்று: சமூக ஊடகப் பெக்கேஜ் போட்டிருந்தும் டேட்டா கரைகிறது. விபிஎன் திறந்திருந்தால் உங்கள் வட்ஸ்அப்பும் யூடியூப்பும் கம்பனிக்கு வட்ஸ்அப்பாகத் தெரியாது, பெயரில்லாத ஒரே ஓட்டமாகத்தான் தெரியும். ஆகவே அது பெக்கேஜில் கழியாமல் பொது டேட்டாவில் கழிகிறது. சில வங்கிச் செயலிகளும் வெளிநாட்டு முகவரியைக் கண்டு கதவைச் சாத்திவிடும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

உலாவியில் இன்காக்னிட்டோ என்ற மறைநிலையில் போனால்?

வீட்டில் அதே கணினியைப் பாவிக்கும் மற்றவரிடமிருந்து மறைக்கும். இணையக் கம்பனி, அலுவலக வலையமைப்பு, போகும் தளம் மூன்றுக்கும் நீங்கள் தெரிவீர்கள். இது பற்றி 2020இல் தொடுக்கப்பட்ட வழக்கில், சேர்த்த தரவை அழிக்க கூகுள் 2024இல் ஒத்துக்கொண்டது.

குழுக்களில் தனியுரிமை பற்றிக் கதைத்தால் ஏன் எப்போதும் சண்டையில் முடிகிறது?

ஒவ்வொருவரும் வேறு வேறு எதிரியை மனதில் வைத்துப் பதில் சொல்வதால். ஒருவர் விளம்பரக் கம்பனியை நினைக்கிறார், இன்னொருவர் புலனாய்வுப் பிரிவை நினைக்கிறார். கேட்ட பெண்ணோ, பிரிந்துபோன கணவன் தன் போனைப் பார்க்கிறாரோ என்று பயந்துதான் கேட்டிருப்பார். அவரிடம் போய் லினக்ஸ் போடு, கிராஃபீன் ஓஎஸ் போடு என்றால் என்ன செய்வார்? கிராஃபீன் என்ற இயங்குதளம் பிக்சல் போன்களுக்குத்தான் வருகிறது; அவர் கையில் இருப்பது நான்கு வருடப் பழைய சாம்சங். அவருக்குத் தேவையானது ‘லிங்க்ட் டிவைசஸ்’ பார்ப்பது, கூகுள் கணக்கில் ‘யுவர் டிவைசஸ்’ பார்ப்பது, பூட்டு இலக்கத்தை மாற்றுவது. பத்து நிமிட வேலை.

பதில் சொல்ல முன்னர் மூன்று விடயத்தைக் கேளுங்கள்: எதைக் காக்க, யாரிடமிருந்து, போனால் என்ன நட்டம். இதைக் கேட்காமல் கொடுக்கும் ஆலோசனை, சோதிக்காமல் கொடுக்கும் மருந்து. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் எங்கள் மத்தியில் அதிகம், அதில் பெருமைப்படலாம். ஆனால் தெரியாதவரை வெட்கப்படுத்தும் பழக்கம் வளர்ந்திருக்கிறது, அது கெடுதி. வெட்கப்பட்டவர் அடுத்த முறை கேட்கமாட்டார், குறியீட்டைக் கொடுத்துவிட்டு மறைப்பார், காசு போன பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும்.

புனைபெயரில் எழுதுபவர்கள் கோழைகள்தானே? எல்லோரும் சொந்தப் பெயரில் எழுதினால் அவதூறு குறையாதா?

தென்கொரியா இதைச் செய்து பார்த்தது. பெரிய தளங்களில் கருத்து எழுத அடையாளத்தை உறுதிசெய்யவேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. தளங்கள் குடிமக்களின் பதிவிலக்கங்களைச் சேர்த்துக் குவித்தன. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களை உடைத்து ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் விவரத்தை எடுத்துப்போனார்கள். 2012 ஓகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தையே இரத்துச் செய்தது. இழிவாக எழுதுபவர் சொந்தப் பெயரிலும் எழுதுவார், பேஸ்புக்கைத் திறந்தால் அது தெரியும்.

வீட்டு வன்முறை பற்றி எழுதும் பெண், சாதி பற்றி எழுதும் இளைஞர், வேலையிடத்து ஊழலைச் சொல்லும் ஊழியர், இவர்களுக்குப் புனைபெயர் ஒரு கதவு. தமிழில் புனைபெயர் மரபு இணையத்தை விட மிகப் பழையது என்பதையும் மறக்கவேண்டாம்.

புனைபெயர் உடைவது பெரும்பாலும் சின்னக் கவனக்குறைவால். புதுக் கணக்குக்குப் பழைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால், உங்கள் இலக்கத்தை வைத்திருக்கும் எல்லோருக்கும் ‘தெரிந்தவராக இருக்கலாம்’ என்று காட்டும். தனி மின்னஞ்சல் வையுங்கள், தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கொடுக்கவேண்டாம். வேறெங்கும் போட்ட முகப்படத்தைப் போடவேண்டாம். ஜன்னலுக்கு வெளியே கடலும் ரயில்பாதையும் தெரிந்தால் வெள்ளவத்தை என்று சொல்ல ஒரு கொழும்பு ஆள் போதும். மொழியும் காட்டிக்கொடுக்கும்: ‘கதைக்கிறன்’, ‘பேசுறேன்’ என்ற ஒரு சொல்லில் ஊர் தெரிந்துவிடும், நீங்கள் எப்போதும் பிழையாக எழுதும் அதே ஒற்றெழுத்தும் தெரிந்துவிடும். புனைபெயர் பக்கத்து வீட்டாரிடமிருந்து காக்கும். நீதிமன்ற ஆணையோடு வருபவரிடமிருந்து காக்காது.

ஸ்கிரீன்ஷொட்டில் பெயரை மறைத்துவிட்டுப் பகிரலாமா?

எதனால் மறைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மார்க்கர் பேனை மாதிரியான கருவி ஒளி ஊடுருவும். கறுப்பாகத் தெரிந்தாலும் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து வந்துவிடும். முழுக் கறுப்புப் பெட்டி போடுங்கள். வெட்டியதையும் கண்மூடி நம்பவேண்டாம்: பிக்சல் போனிலும் விண்டோஸ் 11இலும் வெட்டிய படத்திலிருந்து வெட்டுப்பட்ட பகுதியை மீட்க முடிந்த பிழை 2023 மார்ச்சில் வெளியானது. பிறகு திருத்திவிட்டார்கள், முன்னர் பகிர்ந்த படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. மறைத்த படத்தை இன்னொரு தரம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதைப் பகிர்வது இலகுவான வழி.

கமராவால் எடுத்த படமானால், எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள் இருக்கலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை நீங்கும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். மின்னஞ்சலிலும் போகும்.

போனை யூனிட்டி பிளாசாவிலோ லிபர்ட்டி பிளாசாவிலோ ரிப்பேருக்குக் கொடுக்கிறேன். பூட்டு இலக்கம் கேட்டால்?

கொடுக்கவேண்டாம். திரை வேலை செய்தால், சாம்சங்கில் செட்டிங்ஸ், டிவைஸ் கெயார், மெயின்டனன்ஸ் மோட் போடுங்கள். போன் மறுபடி தொடங்கும்போது உங்கள் படமோ செய்தியோ இல்லாத வெறும் போனாக நிற்கும். திரும்ப வந்ததும் உங்கள் இலக்கத்தால் அதை நீக்கலாம். பிக்சலில் இதே வசதிக்கு ‘ரிப்பேர் மோட்’ என்று பெயர், இரண்டு ஜிபி இடம் காலியாக இருக்கவேண்டும்.

திரை செத்துவிட்டால் இது முடியாது. அப்போதும் பூட்டைத் திறக்காமலே சோதிக்கலாம்: அவசர அழைப்புப் பக்கத்தில் தொடுதிரையையும், பூட்டுத் திரையிலிருந்து கமராவையும் பார்க்க முடியும். சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனைக் கொடுங்கள்.

ஓடிபி என்ற ஒருமுறைக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. அது போதாதா?

ஒன்றும் இல்லாததை விட நல்லது. ஆனால் இலக்கம் நிரந்தரமாக உங்களுடையது அல்ல. நீண்ட நாள் பாவிக்காத முற்கொடுப்பனவுச் சிம் நின்றுபோய், அதே இலக்கம் இன்னொருவருக்கு விற்கப்படலாம். வெளிநாடு போய் ரோமிங் இல்லாமல் இருந்தால் எஸ்எம்எஸ் வராது. அங்கே போன பிறகு மின்னஞ்சல் திறக்காமல் திண்டாடுபவர்கள் பலர். பயணத்துக்கு முன்னர் கூகுள் கணக்கில், குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஒதென்டிகேட்டர் செயலியை இணைத்து, ‘பேக்கப் கோட்ஸ்’ பத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் செல்லும். ஒதென்டிகேட்டர் குறியீடு பிழை என்று தொடர்ந்து வந்தால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். குறியீடு முப்பது செக்கனுக்கு ஒரு முறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தினாலே பிழையாகிவிடும். நேரத்தைத் தானாக எடுக்கும்படி மாற்றினால் சரி.

தமிழில் தட்டச்சு செய்ய இலவச விசைப்பலகை ஒன்றை இறக்கினேன். ஆபத்தா?

விசைப்பலகைச் செயலி நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் காண்கிறது. 2017 டிசம்பரில் ஏஐ டைப் என்ற விசைப்பலகையின் தரவுத்தளம் பூட்டில்லாமல் கிடந்து, 3.1 கோடிப் பாவனையாளரின் விவரம் வெளியானது. ஐபோனில் அஞ்சல், தமிழ்99 என்ற விசைப்பலகைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. அன்ட்ரொய்டில் ஜிபோர்டில் தமிழ் உண்டு. வேறு ஒன்றுக்குத் தேவையில்லை.

அவசரக் கடன் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது.

மறுத்துவிடுங்கள். தவணை பிந்தினால் உங்கள் அதிபருக்கும் மாமியாருக்கும் அழைப்பெடுத்து அவமானப்படுத்த அந்தப் பட்டியல்தான் ஆயுதம். 2023 மே முதல் கூகுள் பிளேயில் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் கேட்கத் தடை உண்டு. அப்படியும் கேட்கும் செயலி, பெரும்பாலும் இணைப்பு அனுப்பி நேரடியாக இறக்கச் சொன்னதாகத்தான் இருக்கும்.

சட்டம் எங்களைக் காக்குமா?

மூன்று சட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றி ஒரு கணக்குக்குள் அல்லது கருவிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் விவரத்தைச் சேர்ப்பவர் எதற்காகச் சேர்க்கிறார் என்று சொல்லவும், அந்த நோக்கத்துக்குள் நிற்கவும் வேண்டும் என்கிறது. இந்தப் பக்கத்தின் முதல் பதிலில் சொன்ன வலிக்கு நேரான மருந்து அதுதான். அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டபோது எங்களுக்கு ஏமாற்றமே. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வகை: எதை எழுதலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. பெயரில் காப்பு என்று இருப்பதால் அது தனியுரிமைச் சட்டம் என்று எண்ணவேண்டாம்.

கணக்கு களவுபோனால் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தை 101இல் அழைக்கலாம். காசு போயிருந்தால் முதலில் வங்கி, பிறகு பொலிஸ். வங்கிக்கு ஒரு மணி நேரம் பிந்தினாலும் காசு அடுத்த கணக்குக்குப் போய்விடும். செய்திகளை அழிக்காமல், இலக்கமும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மாவின் போனில் அரை மணி நேரம்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் வட்ஸ்அப் ‘லிங்க்ட் டிவைசஸ்’, தெரியாதது இருந்தால் நீக்குங்கள். அடுத்து டூ ஸ்டெப் பின். பிறகு பிரைவசி, குரூப்ஸ் சென்று ‘மை கொன்டக்ட்ஸ்’ வையுங்கள். முதலீட்டுக் குழுக்களில் தெரியாதவர்கள் சேர்ப்பது அத்தோடு நிற்கும். முகப்படத்தையும் ‘மை கொன்டக்ட்ஸ்’ ஆக்குங்கள். *#21# தட்டிப் பாருங்கள். ஒரு தரமும் திறக்காத செயலிகளை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு நீக்குங்கள், கேட்காமல் நீக்கினால் பஞ்சாங்கச் செயலி போய்விட்டதென்று மறுநாள் அழைப்பு வரும். மென்பொருள் அப்டேட்டை வைஃபை இருக்கும்போது போட்டுவிடுங்கள்.

பின் இலக்கத்தை வட்ஸ்அப் இடைக்கிடை கேட்டுச் சரிபார்க்கும், அம்மா மறந்திருப்பார். அதை வங்கிப் புத்தகத்தோடு இருக்கும் கொப்பியில் பேனையால் எழுதி வையுங்கள். வீட்டு அலுமாரியில் இருக்கும் கொப்பி நல்ல இடம். அந்தப் பக்கத்தை யாரும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.